நனையாத கட்டு

தேநீர் நன்றாக இருக்கிறது, அம்மா. நீங்கள் போட்டதுதானே? ஓ, வெளியே நிற்கிற காவலர் வாங்கி வந்ததா. பரவாயில்லை, சூடாக இருக்கிறது. சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவே பெரிது.

அதிகாரி வர நேரமாகும் போலிருக்கிறது. அதுவரை அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. நான் போட்டுக் கொடுக்கிற ஆள் அல்ல. எங்கள் படப்பிடிப்பிலும் அப்படித்தான். இயக்குநர் சாப்பிடப் போனால் உதவியாளர்கள் அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நீங்கள் எங்கள் தொடரை விடாமல் பார்க்கிறவர் என்று நுழைந்ததுமே சொன்னது மனதுக்கு இதமாக இருந்தது. பதினோரு வருடமாக வியாழக்கிழமை மாலை ஏழரைக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பார்கள். அது என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. போன வாரக் கதையில் கணவனைக் கொன்ற பெண் இரண்டு கையிலும் கட்டோடு டம்ளரைக் கழுவினாளே, அடுத்த காட்சியில் அந்தக் கட்டு நனையாமல் இருந்ததே, ஏன் என்றீர்கள். காட்சிக்குக் காட்சி இதைச் சரிபார்க்கவென்றே எங்களிடம் சம்பளம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார். அவரும் கோட்டை விட்டார், நானும் விட்டேன். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். கையிலிருக்கிற வழக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டே அடுத்ததையும் கேட்டுவிட்டீர்கள்.

"உங்க அண்ணன் இறந்த அன்னைக்கு உங்க அண்ணிக்கும் ரெண்டு கையிலயும் கட்டு இருந்துச்சு. அவங்க டம்ளர் கழுவுனத நீங்க பாத்ததா எழுதிக் குடுத்திருக்கீங்க. எப்படிக் கழுவுனாங்க?"

அண்ணி வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள். மதியம் மூன்று பத்துக்குக் கட்டுப் போட்டது அதில் இருக்கிறது. மறுநாள் காலை கட்டைப் பிரித்த நர்ஸ், உள்ளே பஞ்சும் மருந்தும் துளி ஈரமில்லாமல் இருந்ததாக எழுதியிருப்பதும் இருக்கிறது. நல்ல உழைப்பு. உங்கள் அதிகாரி கொடுத்துவைத்தவர்.

அவர் வந்து இதையே கேட்டால் நான் ஒரு நல்ல பதில் சொல்லியாக வேண்டும். என் வேலைமுறையைச் சொல்கிறேன். ஒரு காட்சியில் எதை மறைப்பது என்று தெரிய வேண்டுமானால், முதலில் நடந்ததை ஒன்று விடாமல் யாரிடமாவது சொல்லிப் பார்ப்பேன். கேட்கிறவர் முகம் எங்கே மாறுகிறதோ அங்கே கை வைக்க வேண்டும். இத்தனை வருடம் அதற்கு அண்ணி இருந்தார். அவர் நான்கு மாதமாகச் சிறையில் இருப்பதால் இன்றைக்கு நீங்கள். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். வரைவு என்று ஒன்று கையில் இருந்தால் திருத்த வசதி.

எங்கள் தொடரில் மொத்தம் நாலே பெண்கள்தான். நடிகைகள் மாறுவார்கள், உடுப்பு மாறும், ஆனால் அதே நால்வர். எழுதுகிற அறையில் அவர்களுக்குச் செல்லப் பெயர்கூட உண்டு. முதல் நிமிடத்தில் பிணமாகக் கிடப்பவள் படுத்தவள். அவளுக்கு வசனம் கிடையாது, அழகான கால் இருந்தால் போதும். பிறகு அழுதவள், அவள் நிரபராதி. அழாதவள், அவள்தான் செய்தாள். இதை மாற்றி இரண்டு முறை எழுதிப் பார்த்தோம், பார்ப்பவர்கள் ஏமாற்றிவிட்டதாகக் கடிதம் போட்டார்கள். கணவன் செத்துக் கிடக்கும்போது ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத பெண்ணை யாரும் நம்பத் தயாராக இல்லை. நான் உருவாக்கிய சந்தேகம் அல்ல அது. ஏற்கெனவே இருந்ததற்குத் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான்.

நாலாவது, உங்களைப் போல, கோப்புக்காரி. துப்பறிவாளருக்குக் கோப்பு கொண்டுவருவாள். "சார், ரிப்போர்ட் வந்துடுச்சு." "சார், அவர் வந்திருக்கார்." "நீங்க சொன்னதுதான் சரி, சார்." பதினோரு வருடமாக இந்த மூன்று வசனம். அந்த நடிகை ஒருநாள் வந்து நாலாவதாக ஒன்று கேட்டார். கொடுத்தேன். "எனக்கு லீவு வேணும், சார்." அடுத்த எட்டு மாதம் அவர் தொடரில் இல்லை. அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. சரி.

அழாதவளை நான் அண்ணியைப் பார்த்துத்தான் செய்தேன். அண்ணனும் அண்ணியும் கீழ்த்தளத்தில், நான் மாடியில். கல்யாணம் ஆகாதவன், சாப்பாடு அவர்களோடு. அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அண்ணிக்கு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது தண்ணீர் குடித்து வைத்த மறு நொடி டம்ளர் கழுவப்பட்டு, மடித்த துணியில் கவிழ்ந்திருக்கும். அதிகம் பேச மாட்டார். அவருடைய அம்மா இறந்த அன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மூலையில் நின்று குறிப்பு எடுத்தேன். தவறாக நினைக்காதீர்கள், எழுதுகிறவன் கண் அப்படித்தான்.

அதன் பிறகு எங்கள் தொடரில் கொலை செய்த பெண்கள் எல்லோரும் டம்ளரைக் கழுவினார்கள், துணி மடித்தார்கள், அழவில்லை. ஆரம்பத்தில் அண்ணிக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை பரிமாறும்போது கேட்பார், "ஏன் கொழுந்தனாரே, இந்த வாரமும் நான்தான் கொன்னேனா?" அண்ணன் புரைக்கேறச் சிரிப்பார்.

பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "உங்கள மாதிரியே ஒருத்தி டிவியில வர்றா" என்றாளாம். இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் குடிக்கவில்லை. அண்ணி அந்த டம்ளரையும் கழுவி வைத்ததை நான் பார்த்தேன். தெருவுக்குள் ஒரு பார்வை வந்துவிட்டது, அம்மா. அது என் உழைப்பு என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

இன்னொரு விஷயம். இதை அதிகாரியிடம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு கதையிலும் பாதி எழுதி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணிக்குப் படித்துக் காட்டுவேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டோ பொத்தான் தைத்துக்கொண்டோ கேட்பார். முடிந்ததும் யார் செய்தது, ஏன், எங்கே மாட்டுவார்கள் என்று சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நான் யோசித்து வைத்த முடிவைவிட அது எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். பிறகு நான் முடிவு யோசிப்பதையே நிறுத்திவிட்டேன். வேலையில் மறந்துபோகும் என்று அவரே நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தார். நீல அட்டை நோட்டு, மொத்தம் ஒன்பது. துப்பறிவாளர் கடைசி ஐந்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவாரே, அத்தனையும் அண்ணியின் வாக்கியங்கள். அவரைப் போல ஒரு பெண் கொலை செய்வதும், அவரைப் போல ஒரு ஆண் அதைக் கண்டுபிடிப்பதும். நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரம்தான். அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததால் அவருக்கு வருத்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கேட்டது அண்ணன். லென்ஸ் தேய்க்கிறவர், சின்னக் கீறலும் கண்ணில் படும். ஒருநாள் நோட்டுகளை எடுத்துப் படித்திருக்கிறார். சனிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டு, எழுத்து என்று உன் பெயர் வருகிற இடத்தில் அவள் பெயரும் வரவேண்டும் என்றார். நான் பார்க்கலாம் என்றேன். "நீ பாக்க வேண்டாம்டா. திங்கட்கிழமை இந்த நோட்டெல்லாம் எடுத்துட்டு நானே உங்க ஆபீசுக்கு வரேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

பதினோரு வருடமாகத் திரையில் என் பெயர் தனியாக வருகிறது, மஞ்சள் எழுத்தில், இரண்டரை நொடி. எனக்கு வேறு என்ன இருக்கிறது? அண்ணனுக்குக் கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள். அண்ணிக்குப் பெயர் வந்து என்ன ஆகப் போகிறது? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

அண்ணன் தினமும் மாலை ஏழு மணிக்கு வயிற்றுக்கு ஒரு கசப்புப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பார். கலக்கிக் கொடுப்பது அண்ணி, கழுவி வைப்பதும் அண்ணி. என்னிடம் ஒன்று இருந்தது, ஒரு கதைக்காக முன்பு விசாரித்து வாங்கி வைத்தது. என்ன என்பது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அண்ணி வேலை செய்வது போன்ற இடங்களில் கிடைக்கக் கூடியது. அதுதான் அதன் வசதி.

திட்டம் எளிமையானது. நான் பொடி டப்பாவில் ஒரு வேளைக்கானதை மட்டும் மேலாகத் தூவி வைக்க வேண்டும். மற்றதை அண்ணியின் பழக்கம் பார்த்துக்கொள்ளும். அவர் கலக்குவார், கொடுப்பார், கழுவுவார், அழ மாட்டார். தெரு பார்க்கும். பதினோரு வருடம் பாடம் படித்த தெரு.

ஆனால் ஆறரை மணிக்கு நான் கீழே இறங்கி வந்தபோது அண்ணி இரண்டு உள்ளங்கையிலும் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். வேலையில் சூடான கருவித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாராம்.

"தம்பி, கை சுட்டுக்கிச்சு. அண்ணனுக்கு அந்த மருந்த மட்டும் கொஞ்சம் கலக்கிக் குடுத்துடுங்களேன்."

நடிகைக்கு அடிபட்டால் அன்றைய காட்சியைத் தள்ளிப்போட வேண்டும். அது எங்கள் தொழிலில் முதல் பாடம். தள்ளிப்போட்டிருந்தால் அண்ணன் இன்று கடையில் இருந்திருப்பார். ஆனால் ஞாயிறு போனால் திங்கள். அதனால் நானே கலக்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்தார். டம்ளரை வாங்கிக்கொண்டுபோய் நானே கழுவினேன். அண்ணன் பின்னாலேயே அடுக்களை வாசல்வரை வந்து நின்று பார்த்தார்.

"என்னடா, அதிசயமா இருக்கு. பொறந்ததுல இருந்து ஒரு டம்ளர நகத்தி வெச்சதில்ல நீ" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, மதியம் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அது மட்டும் எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது.

ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். அண்ணி சுவரோரம் மடியில் இரண்டு கட்டுக் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் அவர் கண்ணைத்தான் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் கட்டு இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் அழவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, ஆண்பிள்ளை தைரியமாக இருக்கிறான் என்று ஒரு மாமா சொன்னார்.

அப்போது இருந்த அதிகாரி, இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாரே, அவர் நல்ல மனிதர். எங்கள் தொடர் என்றால் உயிர். என்னோடு நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொண்டார். டம்ளர் பளபளவென்று கவிழ்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. நான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தேன், இறங்கி வரும்போது அண்ணி கழுவிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல, அம்மா. இத்தனை வருடமாக எழுதி எழுதி அந்தக் காட்சி கையில் தானாக வந்துவிட்டது. கட்டு எனக்கு ஞாபகமே வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

மருந்து கலக்கியது தம்பிதான் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்தாராம். கொழுந்தன் மேல் பழி போடுகிற மனைவியை நாங்கள் ஏழெட்டுக் கதையில் காட்டிவிட்டோம். கை சுட்டது எப்படி என்று கேட்டு, தடயத்தை அழிக்கும்போது சுட்டிருக்கும் என்று அவரே பதிலும் எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அண்ணியால் பேனா பிடிக்க முடியவில்லை. 'கையெழுத்திட மறுத்தார்' என்று அதிகாரி எழுதினார். அந்த வரியை நீங்கள் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருப்பது தலைகீழாகக்கூட எனக்குத் தெரிகிறது.

நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. மாடியில், என் மேஜையின் கீழ் இழுப்பறையில். எரித்திருக்க வேண்டும்தான். ஆனால் அவற்றில் இன்னும் பன்னிரண்டு கதைக்கு முடிவு மிச்சம் இருந்தது. மூன்று மாதத்தில் அவையும் தீர்ந்துபோயின. வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வேறு வழியில்லாமல் பாதிக் கதையை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன்.

அண்ணி வந்தார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, படிக்கச் சொன்னார். நான் படித்தேன், அவர் கேட்டார். ஒரு பெண், கணவன், விஷம், டம்ளர். வழக்கமானதுதான். முடித்ததும் கம்பிவலையருகே குனிந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கையிலயும் ஒரு கட்டுப் போட்டு விடுங்க, தம்பி. முடிவு தானா வரும்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. கட்டு இருந்தால் பார்க்கிறவருக்கு முதலில் இரக்கம் வரும், பிறகு அவளே கொலைகாரி என்றால் அதிர்ச்சி கூடும் என்று கணக்குப் போட்டேன். அண்ணி அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பழைய தகராறு எதுவும் மனதில் இல்லாமல் உதவி செய்கிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனேன். அப்படியே எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போலக் கடைசியில் அவள் டம்ளரைக் கழுவினாள், துப்பறிவாளர் பிடித்தார். இரண்டரை நொடி என் பெயர் வந்தது. சிறையிலும் அந்த நேரத்தில் தொலைக்காட்சி போடுவார்களாம். அண்ணி பார்த்திருப்பார்.

நீங்களும் உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள். அண்ணி அந்தக் கட்டை யாருக்காகப் போடச் சொன்னார் என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. அவருக்கும் என்னைப் போலவே வியாழக்கிழமை பார்வையாளர்கள்மேல் நம்பிக்கை. ஒருவராவது கட்டைப் பார்ப்பார் என்று.

ஆக, உள்ளது உள்ளபடி இதுதான். பொடியில் கலந்தவன் நான், கொடுத்தவன் நான், டம்ளரைக் கழுவியவனும் நான். சொல்லிக்கொண்டு வரும்போது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் மாறவில்லை. அதனால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. கண்ணீரும் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் தொடரில் இருந்திருந்தால் உங்களைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

எழுதியதைக் கொடுங்கள். நல்ல கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், எங்கள் தொழிலில் வரைவுக்கும் அந்த வழக்கம் உண்டு. இந்தாருங்கள், பதினோரு பக்கம்.

வெளியே இருந்த காவலர் வந்து உங்களுக்கு விறைப்பாக சல்யூட் அடிக்கிறார், நீங்கள் சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்கிறார். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு ராசி போலிருக்கிறது. மாடி இழுப்பறை என்று அவரிடம் மெதுவாக ஏதோ சொல்கிறீர்கள். நோட்டுகளைப் பத்திரமாக எடுத்து வரச் சொல்லுங்கள், அட்டை நைந்திருக்கிறது.

இன்னொரு உதவி, அம்மா. சார் வந்துவிட்டாரா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அவரிடம் சொல்லும்போது கழுவியது அண்ணி என்றே இருக்கட்டும். ஒரு ஆம்பளை டம்ளர் கழுவினான் என்றால் அவர் நம்பமாட்டார்.